வேலை தெரியாத பிஸ்கட்

"முன்னாடியே சொல்லிடறேன் லெஸ்டர். பேருக்குத்தான் இவன் ஆடு மேய்க்கற கெல்பி நாய். ஆட்டை மடக்கி ஓட்டத் தெரியாது" என்றாள் மெரில்.

நல்ல வீடு அமையும்வரை பிஸ்கட் என்ற அந்த நாயைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவள் அவள். இதுவரை மூன்று பண்ணைக்காரர்கள் கூட்டிப்போய், மூன்று பேருமே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். வறண்ட கோபார் ஊர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் லெஸ்டர் நான்காவது ஆள்.

"ஆட்டைப் பார்த்தா என்ன பண்ணுவான்?"

"ஒதுங்கி வழி விடுவான்."

"விசிலடிச்சா?"

"வாலாட்டுவான். அவ்வளவுதான்."

"காலையில பட்டி வாசல்ல போய் நிப்பானா?"

"எட்டு மணிக்கு முன்னாடி எந்திரிக்கவே மாட்டான்!" மெரிலுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களும் நாலு நாள் வெச்சிருந்துட்டுத் திருப்பிக் கொண்டாராதீங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் பட்டினி கிடக்கறான். வேலைக்கு நாய் வேணும்னா வேற இடம் பாருங்க."

லெஸ்டர் குனிந்து பிஸ்கட்டின் காதைத் தடவினார். அது அவருடைய பூட்ஸ்மேல் தலைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"மழையில்லாம போன வருஷமே ஆடெல்லாம் வித்துட்டேன் மெரில். என் பழைய நாய்க்கு அது புரியல. தினமும் விடியறப்பவே காலிப் பட்டி வாசல்ல போய் நின்னு, என்னையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். சாகற வரைக்கும் பார்த்துச்சு."

அவர் பிஸ்கட்டின் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"என்கிட்ட வேலை கேக்காத நாயா ஒண்ணு வேணும்."