இடது மட்கார்டு

எவாஞ்சலின் மூன்றாம் முறையாகப் பட்டறைக்கு வந்தபோது கார் தயாராக இருந்தது. தகரத்தில் அடித்த, ஒரு முழ நீள வெள்ளை அம்பாசடர்.

அடிபட்ட வண்டிகளுக்கு டிங்கர் வேலை பார்ப்பதுதான் நஜீர் அகமதுவின் தொழில். குட்டி கார் செய்வது ஆசைக்கு. அவள் கொடுத்திருந்தது ஒரே ஒரு போட்டோ. வலது பக்கமாகப் பின்னாலிருந்து எடுத்தது.

"அச்சு அசலா வேணும்னு கேட்டீங்களே, பாருங்கம்மா."

கூரையில் கேரியர், பின் கண்ணாடியில் நீலத் திரை, நம்பர் பிளேட். அவள் எதையும் பாராட்டவில்லை. காரை மெதுவாகத் திருப்பினாள்.

"இந்த இடது மட்கார்டு மட்டும் ஏன் பாய் வேற வெள்ளையா இருக்குது?"

நஜீர் சிரித்தார். "அசல் வண்டியும் அப்படித்தாம்மா. எத்தினி வாட்டி கலந்தாலும் பழைய பெயிண்டோட ஒத்துப் போவல."

"போட்டோவுல இந்தப் பக்கமே தெரியலியே?"

"போட்டோ எதுக்கு? நம்பரைப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சி. போன ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், மாட்டுல இடிச்சிட்டேன்னு ஓனர் என்கிட்டதான் கொண்டாந்தாரு. நான்தான் தட்டி எடுத்து பெயிண்ட் அடிச்சேன்."

எவாஞ்சலின் கையிலிருந்த போனில் பதிவை நிறுத்தினாள். காரைத் துணிப்பைக்குள் வைத்தாள்.

"வண்டி எங்கயும் இடிக்கவே இல்லன்னு அவரு கோர்ட்டுல சொல்லிகினு இருக்காரு. வண்டியையும் உடைச்சி இரும்புக்குப் போட்டுட்டாரு."

நஜீரின் சிரிப்பு நின்றது. "மாட்டுல இடிச்சதுக்கா கோர்ட்டு?"

"மாடு இல்ல பாய். என் வீட்டுக்காரர்."