ஐந்தாவது ஜோடி

கொட்டிவாக்கத்தில் ஓவியர்கள் ஒரு மாதம் தங்கி வேலை செய்யும் வீடு அது. ஜொவிட்டாவோடு சேர்த்து நான்கு பேர். தினமும் காலையில் மாடி ஜன்னலில் உட்கார்ந்து, கீழே வாசற்படியில் கிடக்கும் செருப்புகளை அவள் வரைவாள். கண் செருப்பிலேயே இருக்கும். முடியும்வரை தாளைப் பார்க்க மாட்டாள்.

"இன்னாமா, அஞ்சு ஜோடி போட்டுகீறே? நாலு பேருதானே கீறீங்க?" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இனாயத்.

வாசலில் நான்கு ஜோடிதான் இருந்தன. படத்தில் எண்ணினாள். ஐந்துதான். ஐந்தாவது, அவளுடைய நீலச் செருப்பு மாதிரியே இருந்தது. ஆனால் இடது வாரில் ஓர் ஊக்கு. மறுநாள் எண்ணி எண்ணி வரைந்தாள். அப்போதும் ஐந்து. ஊக்கு யாருடையது என்று தெரிந்துகொள்ளவே மாதம் முழுக்க அதையே வரைந்தாள்.

கடைசி நாள் பெட்டியோடு கிளம்பினாள். திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் இடது செருப்பின் வார் அறுந்தது. பூக்காரம்மா ஓர் ஊக்கு கொடுத்தார். மாட்டும்போதுதான் ஸ்கெட்ச் புத்தகத்தை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. ஒரு மாத வேலையும் அதில்தான். ஆட்டோ பிடித்துத் திரும்பினாள்.

வாசற்படியில் செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் நான்கு ஜோடி இருந்தன. அதில் ஒன்று அவளுடைய நீலச் செருப்பு, வார் அறாமல்.

மேலே ஜன்னலில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. படம் முடியட்டும் என்று, நிமிர்ந்து பார்க்காமல், ஜொவிட்டா அங்கேயே நின்றாள்.