பச்சைப் புள்ளிகள்

தோட்டத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று செயலியில் ஏற்றுவது தவமணியின் பொறுப்பு. களையெடுக்கும் பெண்கள், கழுத்தில் மாட்டிய அட்டையால், போன் திரையில் பச்சைப் புள்ளிகளாய் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று அத்தனை புள்ளிகளும் வடக்கு மூலைக்கு ஓடின. மேனேஜர் உடனே போனில் வந்தார்.

"என்னம்மா, களையில ஒருத்தரையும் காணோம்?"

"சார், வடக்கு மூலையில போடுற போர்ல தண்ணி பீறிக்கிட்டு அடிக்குது சார்! போன ரெண்டு போரும் வெறும் புழுதி. இது தென்னை உசரத்துக்கு நிக்குது!"

"நெசமாவா! சரி, ஏதாவது வேலை பதிஞ்சிரும்மா. இல்லன்னா எல்லாருக்கும் ஆப்சென்ட் விழுந்துரும்."

பட்டியலில் உரம் இருந்தது, நாற்று இருந்தது, இது இல்லை. 'மற்றவை'யில் 'குலவை' என்று அடித்தாள்.

'வேலை முடிந்ததா?' என்று செயலி கேட்டது.

சேற்றில் குதித்தவர்களின் குலவை காதைத் துளைத்தது. 'இல்லை'யை அழுத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் ஓடினாள்.