ஒரு முகம் மட்டும்

“ஃபிளாஷ் போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல…”

“ஃபிளாஷ் அடிச்சா அந்த விளக்கு வெளிச்சமே செத்துப்போயிடும்க்கா, அதுக்காகத்தான்…”

“வெளிச்சமாம் வெளிச்சம். அப்பா முகம் எங்கடா?”

தம்பி கணினியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். பேத்தியின் பிறந்தநாள், அப்பா அம்மாவின் கல்யாண நாள், புது வீட்டு விருந்து. எல்லாமே மங்கல் விளக்கில், கையால் வளையத்தைத் திருகி ஃபோகஸ் செய்கிற பழைய லென்ஸில் எடுத்தவை. எதைப் பார்த்தாலும் அம்மாவின் முகம் சுருக்கம் சுருக்கமாகத் துல்லியமாக இருந்தது. பக்கத்திலேயே அப்பா, புகை மாதிரி.

அப்பா போய் மூன்று நாளாகிறது. ஃப்ரேம் போட ஒரு படம்கூடத் தேறவில்லை.

“நீ கேமராவைத் தூக்கிட்டா வேற யாரும் போனைத் தொடக் கூடாதுன்னு சட்டம் வேற. அம்மா பிள்ளைன்னா இப்படியாடா?”

“அந்த மங்கல் வெளிச்சத்துக்கு லென்ஸோட துவாரத்தை முழுசாத் திறக்கணும். திறந்தா ஒரு முகம்தான்க்கா தெளிவா விழும்.”

“அது ஏன் எப்பவும் அம்மா முகமாவே இருக்கு?”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “போன வருஷம் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அம்மாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் தாண்டுறதே கஷ்டம்னு சொல்லிட்டார். அப்பா கல்லு மாதிரி இருந்தார். அவரை மெதுவா எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

அக்கா திரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அப்போதுதான் அறை வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தாள்.

“நல்லதாப் போச்சு,” என்றாள் அம்மா. “என் படத்துக்காவது நீங்க ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்க வேண்டியதில்லை.”