பாதி அகலத்தில் முதலாளி

எம்பிராய்டரி மெஷின் தைத்து முடித்து நின்றதும், கடைக்காரி துணி மாட்டிய சட்டத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

துணியில் இருந்தது லாரி முதலாளியின் முகம்தான். கண், மூக்கு, மீசை, காது எல்லாம் இருந்தன. உயரமும் சரி. அகலம் மட்டும் பாதி.

வந்து நின்றால் வாசலையே அடைத்துவிடும் அந்த மனிதர், துணியில் யாரோ இரண்டு பக்கமும் கைவைத்து அமுக்கியதுபோல, கன்னம் ஒட்டிப்போய் அவளைப் பார்த்தார்.

புது ஆபீஸ் சுவரில் மாட்ட அவரே கேட்ட படம். இது பிடித்துப்போனால், டிரைவர்கள் எல்லோருடைய சட்டையிலும் கம்பெனி பெயர் தைக்கிற வேலை அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். எந்த நிமிஷமும் வந்துவிடுவார்.

“கொழுந்தனாரே!”

வழக்கமாக ‘டேய்’தான். மரியாதை ஏறினால் விவகாரம் முற்றிவிட்டது என்று அவள் கணவனின் தம்பிக்குத் தெரியும். ஓடிவந்தான்.

சட்டத்தை இடமும் வலமும் நகர்த்தும் மோட்டார் முந்தாநாள் புகைந்துபோனது. புதிது வாங்கி மாட்டியவன் அவன்தான். கடையில் கேட்டதற்கெல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வாங்கி வந்தான். மாட்டியதும் ஒரு நேர்கோடு தைத்துப் பார்த்து, ‘பக்கா’ என்றான். அது மேலிருந்து கீழே போகிற கோடு; புது மோட்டாருக்கு அதில் வேலையே இல்லை.

இப்போது மோட்டார் கடைக்குப் போன் போட்டான். திருப்புகிற பலம்? சரி. கரண்ட்? சரி. ஷாஃப்ட் தடிமன்? அதுவும் சரி. ஸ்டெப் ஆங்கிள், அதாவது ஓர் அடிக்கு எத்தனை டிகிரி திரும்பும் என்று அந்தப் பக்கம் கேட்டதும் இவன் குரல் இறங்கியது.

“பழசு ஒன்னு புள்ளி எட்டு டிகிரியாம் அண்ணி. இது புள்ளி ஒம்போது. சின்னச் சின்னதா அடி வெச்சா வேலை நுணுக்கமா இருக்கும்னு நெனச்சேன்.”

நுணுக்கமாகத்தான் இருந்தது. மெஷின் ஒரு தடவை தட்டிவிட்டால் பழைய மோட்டார் எவ்வளவு திரும்புமோ, அதில் பாதிதான் இது திரும்பும். ஆள் மாறிய சங்கதியை மெஷினுக்கு யாரும் சொல்லவில்லை. அது பழைய நினைப்பிலேயே தட்டிக்கொண்டிருந்தது. நூல் நெருங்கி நெருங்கி விழுந்து, துணி அட்டை மாதிரி விறைத்திருந்தது.

“இஸ்திரி போட்டு இழுத்தா அகலமாகுமா?” என்றான்.

அவள் அவனைப் பார்த்த பார்வையில், ஊசி தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் போய்விட்டான்.

வாசல் இருட்டியது. முதலாளி வந்துவிட்டார்.

துணியைக் கையில் வாங்கினார். பார்த்தார். ஸ்டூலை இழுத்து, அது முனக முனக உட்கார்ந்தார்.

“மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு…” என்று அவள் ஆரம்பித்தாள்.

அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“எங்க அப்பா படம் உங்களுக்கு எப்படிம்மா கெடச்சுது?”

அவள் துணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் சின்னப் பையனா இருக்கறப்பவே போயிட்டாரு. மூட்ட தூக்கினவரு, இப்படித்தான் ஒட்டிப்போயி இருப்பாரு. வீட்ல ஒரு போட்டோகூடக் கெடயாது. மூஞ்சியே மறந்து போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

மேசைக்கு அடியிலிருந்து கொழுந்தன் தலை மெல்ல எட்டிப் பார்த்தது. ‘ஸ்பெஷல் மோட்டார் சார்’ என்று வாயெடுத்தவனை அண்ணியின் கால் உள்ளே தள்ளியது.

முதலாளி ஒரு விரலால் அந்த ஒட்டிய கன்னத்தைத் தடவினார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு நிமிர்ந்தார்.

“அப்பாவுக்கு மீச கெடயாதும்மா. அத மட்டும் பிரிச்சு எடுத்துட முடியுமா?”

அவள் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, நூல் பிரிக்கும் கத்தரியை எடுத்தாள்.

அவர் போகவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.