நீலப் புள்ளி

"இந்த மாலெல்லாம் எங்கேர்ந்து வருது? அத மொதல்ல சொல்லுங்க."

கண்ணாடி அலமாரிக்குள் விட்ட கையை மோகன்ராஜ் அப்படியே நிறுத்தினார். கும்மிடிப்பூண்டி பஜாரில் கேமரா சாமான் விற்பவர் அவர் ஒருவர்தான். 'எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் கேட்டுடாத' என்று அண்ணன் கோபால் படித்துப் படித்துச் சொல்லித்தான் சுமலதாவை அனுப்பியிருந்தான். கல்யாணங்களுக்குப் படம் பிடிப்பவன். கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள முடியாது.

"சார்ஜர் வாங்க வந்தியா, சண்டை வாங்க வந்தியா தங்கச்சி?"

"போன வாரம் நீங்க குடுத்தது எரிஞ்சு மெத்தையில தீ புடிச்சிகிச்சு. பக்கத்துலயே அண்ணன் கொழந்த தூங்கிகினு இருந்துச்சு!"

"அது உங்க ஊட்டு கரண்டு கோளாறு."

"ஃபேன் எரியல, மிக்ஸி எரியல. உங்க சார்ஜருக்கு மட்டும் கோளாறா?"

அவர் ஒரு கிளிப் சார்ஜரை எடுத்து வைத்தார். "எந்த பேட்டரிக்கும் சேரும்."

"பேட்டரி நெறஞ்சா தானா நிக்குமா?"

"நீ புடுங்கினா நிக்கும்."

அவள் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் திருப்பிப் பார்த்தாள். "எவ்ளோ வோல்ட் குடுக்கும்னு எழுதவே இல்லியே?"

"இன்னாமா பேஜாரு பண்ற! உங்க ஊட்ல நீதான் மொத டிகிரின்னு கோபால் சொன்னாரு. அதுக்குன்னு சார்ஜருக்கெல்லாமா ஜாதகம் பாப்ப? அது இன்னா விரல்ல மை? எலெக்‌ஷன்கூட இல்லியே!"

சுமலதா விரலைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். மையும் போகவில்லை, கோபமும் போகவில்லை.

"எரியாத சார்ஜர் ஒண்ணு குடுங்க. அவ்ளோதான் கேக்கறேன். நாளைக்குப் பெரியபாளையத்துல அண்ணனுக்குக் கல்யாண ஆர்டர்."

மோகன்ராஜ் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, கீழ் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்தார். குரல் இறங்கியது.

"வெளிய சொல்லாத. கம்பெனி மால். தேர்வாய் கண்டிகை ஃபேக்டரிலேர்ந்து நேரா வருது. ஃபாரினுக்குப் போற ஐட்டம். அடியில பாரு, நீலப் புள்ளி. டெஸ்ட் பண்ணிட்டு அவங்களே கையால வெச்சது. இப்பல்லாம் ஸ்டுடியோக்காரங்க புள்ளி இருக்கான்னு கேட்டுதான் வாங்கறாங்க."

சுமலதா திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கண்ணனுக்கு எதக் குடுத்தீங்க?"

"இதத்தான். நம்ம ஆளாச்சே!"

"இதுவரைக்கும் எத்தினி வித்திருப்பீங்க?"

"எரநூறு இருக்கும். பாத்தியா, இப்பதான் உனக்கே நம்பிக்கை வருது!"

அவள் பணத்தை வைத்துவிட்டுச் சார்ஜரைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ஊட்டுக்குப் போனதும் சொருகிப் பாரு தங்கச்சி. அப்பால சொல்லுவ."

"நான் ஊட்டுக்குப் போகல" என்று படியிறங்கினாள்.

எதிரே வந்த தேர்வாய் கண்டிகை பஸ்ஸை மறித்து ஏறினாள். மால் எங்கிருந்து வருகிறது என்று கேட்காதே என்றவன் அண்ணன். அது எங்கே போகிறது என்று கேட்காதே என்றவர், அந்தக் கம்பெனியில் அவளுடைய சூப்பர்வைசர். சோதனையில் சூடேறித் தோற்றுப்போன சார்ஜர்களை உடைத்துப் போட வேண்டும் என்பதற்கு அடையாளமாக, ஒவ்வொன்றின் அடியிலும் அந்த நீலப் புள்ளியை ஆறு மாதமாக வைத்துவந்தவள் சுமலதாதான்.