முதல் திங்கட்கிழமை

"மறுபடியும் அந்தக் கிழவனா?" அடிக்கிற போனைப் பார்த்து நாத்தனார் நோயெமி சிரித்தாள். "உங்க மேல ஒரு கண்ணுதான் அண்ணி!"

ஒதிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளைக் கத்தியால் குத்திப் பையைப் பறித்தவன் இன்னும் சிக்கவில்லை. ஆனால் துப்பறியும் அதிகாரி ஹாஸ்கெல், மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுவிடுவார். அதே பழைய போட்டோக்கள். "வேற ஏதாவது ஞாபகம் வருதா?" என்று அதே கேள்வி.

வேலை பார்க்கும் கோழி இறைச்சி ஆலையில் அரை நாள் லீவு கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் அலுத்துவிட்டது.

போனை எடுத்தாள்.

"சார், பத்து தடவை வந்தாச்சு. இனிமே வரமாட்டேன். திருடனைப் பிடிக்க வக்கில்ல, இந்த நாட்டுல இருக்க பேப்பர் இல்லாதவன்னுதானே என்னை இந்த ஆட்டு ஆட்டுறீங்க?"

மறுமுனையில் நீளமாக ஒரு இருமல்.

"சரி. உடம்பைப் பாத்துக்கோங்க," என்றார் ஹாஸ்கெல்.

அடுத்த மாதம் போன் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அதற்கடுத்த மாதம் வந்தது, நாட்டைவிட்டு அனுப்பும் நோட்டீஸ். இங்கேயே பிறந்த மகளுக்கு ஆறு வயது. ஒதிலியா அழுதுகொண்டே வக்கீலம்மா பிரென்னனிடம் ஓடினாள்.

"ஒரே வழிதான். குற்றத்துல பாதிக்கப்பட்டு, போலீசுக்கு உதவினவங்களுக்கு ஒரு விசா இருக்கு. உதவினாங்கன்னு போலீஸ் கையெழுத்து போடணும்."

தான் போனில் பேசியது ஒதிலியாவுக்கு நினைவுக்கு வந்தது.

மறு வாரம் வக்கீலம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"புது போலீஸ் சீஃப் முதல்ல கையெழுத்து போட முடியாதுன்னுட்டார். திருடனே சிக்கல, இந்தம்மா என்னத்தை உதவிச்சுன்னு கேட்டார். ஹாஸ்கெல்லோட ஃபைலைக் காட்டினேன். மாசத்துக்கு ஒரு தாள், மொத்தம் பதினொண்ணு. பேசாம கையெழுத்து போட்டுட்டார்."

"நான் ஹாஸ்கெல் சாரைப் பார்க்கணும்."

"நுரையீரல்ல புற்றுநோய். போன வாரம்தான் அடக்கம் பண்ணாங்க."

ஒதிலியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரே ஒரு தடவை நீங்க வர மறுத்ததா அவர் எழுதியிருந்தாலும் எல்லாம் போச்சு," என்று வக்கீலம்மா ஃபைலை அவள் பக்கம் தள்ளினார்.

கடைசித் தாளைப் புரட்டினாள். அவள் அவரைத் திட்டிய அதே திங்கட்கிழமையின் தேதி. கீழே, கோணல் கையெழுத்தில்:

'கூப்பிட்டேன். வந்தார். உதவினார்.'